நூற்று அறுபத்திரண்டு சும்மா

சலவைக்கூடத்துக்கு வந்த மூன்றாம் நாளே அவளுக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த ஸ்டாப்வாட்ச்தான் காரணம். காலை எட்டு மணிக்கு அவள் தலை தெரிந்ததும், "கடிகாரம் வந்தாச்சு, எல்லாரும் மூச்சு விடறதைக் கொஞ்சம் குறைச்சுக்குங்கப்பா" என்பார் உருளை இஸ்திரியில் நிற்கும் அண்ணன். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறிவிடுவாள். பதில் சொல்லக் கூடாது என்பது அவளுக்குச் சொல்லப்பட்ட விதி.

மாலைக் கல்லூரியில் நிர்வாகவியல் மூன்றாம் ஆண்டு. பகல் முழுக்கச் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில் வேலை. கோடைக்காலப் பயிற்சிக்காகச் சித்தப்பா ஆறு வாரம் விடுப்புக் கொடுத்திருந்தார். "போ, ஆனா திரும்பி வந்து என்னை அளக்க ஆரம்பிச்சுடாதே" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

நான்கு ஆஸ்பத்திரிகளின் துணி அந்தச் சலவைக்கூடத்துக்கு வரும். லாரியிலிருந்து இறங்கும் அழுக்கு மூட்டைகள் முதலில் பிரிப்பறைக்குப் போகும். அங்கே இரத்தம் பட்டது, மருந்து பட்டது, வெறும் அழுக்கு என்று பிரிப்பார்கள். பிறகு இயந்திரம், உலர்த்தி, உருளை இஸ்திரி. கடைசியில் மடிப்பு மேசை. மடித்துக் கட்டினால் மறுபடி லாரி. இந்த வரிசையில் யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள், எவ்வளவு நேரம் வீணாகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய புராஜெக்ட்.

முறையைச் சொல்லிக்கொடுத்தது கல்லூரி மேடம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். பார்த்த அந்த நொடியில் ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறாரோ அதற்குரிய எழுத்தைக் கட்டத்தில் போட வேண்டும். வேலை என்றால் வே. நடை என்றால் ந. துணிக்காகக் காத்திருந்தால் கா. ஒன்றும் செய்யாமல் இருந்தால் சு, அதாவது சும்மா.

"ரெண்டே ரெண்டு விஷயம்" என்றார் மேடம். "நேரம் தவறக் கூடாது. அவங்களோட பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேசினா உனக்காக வேலை செய்வாங்க. அப்புறம் நீ அளக்கறது வேலையை இல்ல, நடிப்பை."

எதையும் எழுத்துப் பிசகாமல் செய்கிற பெண் அவள். செய்து முடித்த பிறகு, சரியாகச் செய்தோமா என்று மூன்று தடவை திரும்பிப் பார்க்கிற பெண்ணும் அவளே. மேடம் சொன்னதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிச் சிவப்பில் அடிக்கோடு போட்டுக்கொண்டாள். மாடியில் மேலாளர் அறைக்கு வெளியே ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. அதன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கூடம் முழுவதும் தெரியும். கீழே நீராவியும் வெக்கையும். மேலே மின்விசிறி.

மடிப்பு மேசைக்கு மூன்று நாள் ஒதுக்கினாள். நாளைக்கு இருநூறு பார்வை வீதம் அறுநூறு. மேசையில் இருந்தது மடிப்பக்கா. ஐம்பது வயதிருக்கும். அகலமான முதுகு. பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே ஜன்னலோரம். ஜன்னலைப் பார்த்து நின்றுதான் மடிப்பார் என்பதால் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் அந்த முதுகு மட்டும்தான் தெரியும். மடிக்கும்போது தோள்கள் அசையும். அசையாதபோது அக்கா ஜன்னலைப் பார்த்தபடி கைகளை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். ஐந்து நொடி, பத்து நொடி, சில சமயம் அதற்கும் மேலே. வேடிக்கை பார்க்கிறார் என்று கடிகாரம் நினைத்தாள். சு போட்டாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு சந்தேகம் வந்தது. இப்படி நாள் முழுக்கவா ஒருவர் வேடிக்கை பார்ப்பார்? இறங்கிப் போய்ப் பார்க்கலாமா என்று எழுந்தாள். இருபத்திரண்டு படி. கீழே அனல். தவிர, பேசக் கூடாது என்பது விதி. திரும்ப உட்கார்ந்துகொண்டாள். அந்த மூன்று காரணங்களில் எது உண்மையான காரணம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். விதிதான் காரணம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் மின்விசிறியும் ஞாபகத்துக்கு வந்தது.

மூன்று நாள் முடிவில் கூட்டிப் பார்த்தாள். அறுநூறில் நூற்று அறுபத்திரண்டு சும்மா. இருபத்தேழு சதவீதம். மற்ற எந்தப் பிரிவும் ஒன்பதைத் தாண்டவில்லை.

மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "இதுதான் உன் கண்டுபிடிப்பு. கண்டுபிடிப்பு இல்லாட்டி அது அறிக்கை இல்ல, வருகைப் பதிவேடு. இதைத் தனிப் பக்கமா போடு. வட்டப் படம் ஒண்ணு போடு, கலர்ல."

அந்தப் பக்கம் முப்பத்தொன்றாம் பக்கமாக அமைந்தது. வட்டப் படத்தில் சும்மாவுக்கு அவள் சிவப்பு கொடுத்தாள். கீழே ஒரு வாக்கியம்: 'மடிப்பு மேசைப் பணியாளர் தம் பணி நேரத்தில் கால் பங்குக்கும் மேல், வேலை ஏதுமின்றி, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி நிற்கிறார்.' எழுதி முடித்ததும் அந்த வாக்கியம் அவளுக்கே பிடித்திருந்தது. புத்தகத்தில் வருவது போல இருந்தது.

ஆறாவது வாரம், வெள்ளிக்கிழமை. பின்னிணைப்புக்கு நாலு புகைப்படம் எடுக்கவும் எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முதன்முறையாகக் கீழே வேலை நடக்கும் இடத்துக்குள் போனாள். அறிக்கை தட்டச்சாகிவிட்டது. இனி பேசினால் குற்றமில்லை.

"வாம்மா கடிகாரம்" என்றார் மடிப்பக்கா. "ஆறு வாரமா மேல உக்காந்து என் முதுகையே பாத்துட்டிருந்தே. மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்க வந்தியா?"

"இல்லக்கா, போட்டோ எடுக்க."

"எடு எடு. ஆனா கையைச் சேத்து எடு. இந்த மேசையில மூஞ்சிக்கு வேலை இல்ல."

சொல்லிக்கொண்டே ஒரு போர்வையை உதறி, இரண்டு மூலையையும் பிடித்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அசையாமல் நின்றார். கண் மட்டும் மேலிருந்து கீழே இறங்கியது. பிறகு மறுபுறம் திருப்பி மறுபடி பார்த்தார். அதன்பிறகுதான் மடித்தார்.

கடிகாரம் படம் எடுப்பதை நிறுத்தினாள். "என்னக்கா பாக்கறீங்க?"

"ஓட்டை. கறை. முக்கியமா ஊசி." மேசைக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை டப்பா மூடியை எடுத்துக் காட்டினார். இரண்டு ஊசிமுனை, ஒரு வளைந்த கிளிப், பெயர் தெரியாத ஒரு கம்பித் துண்டு. "இது இந்த மாசத்து அறுவடை. எல்லாத்துக்கும் தப்பிச்சு இங்க வரைக்கும் வந்துடும். முன்னே ஒரு தடவை தலையணை உறையோட ஒரு ஊசி போய், ஒரு கைக்குழந்தைக்குக் காது கிழிஞ்சு போச்சு. அதுலேருந்து நானா பாக்க ஆரம்பிச்சேன். யாரும் சொல்லல. வெளிச்சத்துல பிடிச்சாத்தான் தெரியும்."

"எல்லாத்தையுமா பாப்பீங்க?"

"தினமும் ஒவ்வொண்ணையும் ஒரு தடவை பாப்பேன். நீ என் மேசையை அளந்த மூணு நாளும் ரெண்டு ரெண்டு தடவை பாத்தேன்!" அக்கா குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "படிச்ச பொண்ணு எழுதப் போறா, நம்ம வேலையில ஒரு குறை இருக்கக் கூடாதுன்னு. என்னைப் பத்தி நல்லா எழுதியிருக்கியா?"

கடிகாரம் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே தெரு இல்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வெள்ளையடித்த வெறும் சுவர். அதில் பட்டுத்தான் அவ்வளவு வெளிச்சம் உள்ளே வந்தது. வெள்ளைச் சுவர், வெள்ளை வெளிச்சம், அதன் முன்னால் பிடித்த வெள்ளைத் துணி. மாடியிலிருந்து பார்த்தால் துணி எப்படித் தெரியும்?

"நல்லா எழுதியிருக்கேன்கா" என்றாள்.

வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு அதை விழுங்க முடியவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு, மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளாமலே வெளியேறினாள்.

திங்கட்கிழமை சித்தப்பா கடையில் மூன்று பிரதிகளும் அட்டைக்குக் காத்திருந்தன. கல்லூரிக்கு ஒன்று, சலவைக்கூடத்துக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. எத்தனையோ மாணவர்களின் அறிக்கைக்கு அவளே தைத்து, பசை தடவி, தங்க எழுத்து அச்சடித்திருக்கிறாள். எல்லா அறிக்கையும் ஒரே மாதிரிதான் இருக்கும். கடைசிக்கு முந்தின அத்தியாயம் 'ஆய்வின் வரம்புகள்'. அதில் எல்லாரும் ஒரே வரியைத்தான் எழுதியிருப்பார்கள்: 'கால அவகாசம் குறைவு.' அவளும் அதையே எழுதியிருந்தாள்.

"ஏன் பிரதியை வச்சுக்கிட்டு முழிச்சிட்டிருக்கே? பிழை கிழை இருக்கா?" என்றார் சித்தப்பா.

"இருக்குற மாதிரிதான் இருக்கு."

"எந்தப் பக்கம்?"

"நடுவுல."

"நடுவுலதானே? விடு. முன்னுரையையும் நன்றியுரையையும் படிப்பாங்க. அட்டை கெட்டியா இருந்தா உள்ள இருக்குறது சத்தம் போடாது. இருபது வருஷத்து அனுபவம் சொல்றேன்."

அவள் நான்கு சாக்குகளைச் சேர்த்துவைத்திருந்தாள். புதன்கிழமை கடைசி நாள். மேடத்துக்குப் பிடித்த பக்கமே அதுதான். மறுபடி கணக்கெடுக்க வழியில்லை. சித்தப்பா சொல்வது போல யாரும் படிக்கப் போவதில்லை. நான்கும் நல்ல சாக்குகள். ஆனால் நான்கில் ஒன்றிலாவது மடிப்பக்கா இருந்தாரா என்றால் இல்லை. அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டே பசையைத் தடவினாள். முப்பத்தொன்றாம் பக்கம் மற்றப் பக்கங்களோடு சமமாக ஒட்டிக்கொண்டது.

செவ்வாயன்று ஒரு பிரதியை மேலாளரிடம் கொடுத்தாள். படித்துவிட்டுக் கையெழுத்தும் முடிப்புச் சான்றிதழும் தருவதாகச் சொன்னார். மறுநாளே அவை இரண்டையும் கல்லூரியில் கொடுத்துவிட்டாக வேண்டும். அடுத்த நாள் வாய்மொழித் தேர்வு.

புதன்கிழமை காலையில் போனாள். மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். அந்த வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆன மனிதர். எதையாவது மாற்றிக் காட்ட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவர்.

"அறிக்கைன்னா இது அறிக்கை! எத்தனை பேர் வந்து பாத்திருப்பாங்க, ஒருத்தராவது அந்த மேசையைக் கண்டுபிடிச்சாங்களா? நேத்தே மாத்திட்டேன். அந்தம்மாவைப் பிரிப்பறைக்கு அனுப்பியாச்சு. அங்க ஜன்னலே கிடையாது, வேடிக்கை பாக்க முடியாது." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "மேசையில உலர்த்திப் பக்கத்துப் பொண்ணைப் போட்டிருக்கேன். பாருங்க, என்ன வேகம்!"

கண்ணாடி வழியே பார்த்தாள். மெல்லிய முதுகு ஒன்று ஜன்னலோரம் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. தோள்கள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. துணி வந்தது, மடிந்தது, அடுக்கில் ஏறியது.

சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டாள். மறுக்கவில்லை. அதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் கை கூசும். இருபத்திரண்டு படி இறங்கி, யார் கண்ணிலும் படாமல் வெளியேறிவிடலாம் என்று பார்த்தாள். ஆனால் வெளிவாசலுக்குப் போகும் வழியே பிரிப்பறையை ஒட்டித்தான்.

உள்ளே நெடி கண்ணைக் கரித்தது. முகமூடியும் முழங்கை வரை உறையும் போட்டு ஒரு உருவம் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தது. இருமல் வந்தால் மூட்டையை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டது. முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூன்று நாள் பார்த்த முதுகல்லவா.

"அட, கடிகாரம்!" மடிப்பக்கா முகமூடியை இறக்கினார். கண் சிவந்திருந்தது. "பாத்தியா என் பதவி உயர்வை. யாரோ மேல எழுதிப் போட்டிருக்காங்கம்மா. யாருன்னு தெரியல. பத்தொன்பது வருஷம், ஒரு வார்த்தை கேக்கல. இந்த நெடி எனக்கு ஆகாது, நேத்து ராத்திரி பூரா இருமினேன்."

அவள் கையிலிருந்த சான்றிதழை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நீ எனக்கு ஒரு உதவி பண்ணுவியா?" அக்கா உறையைக் கழற்றப் போய், நினைவு வந்து நிறுத்தினார். அழுக்குக் கை. அவளைத் தொடாமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நீதான் என்னைப் பத்தி நல்லா எழுதினதா சொன்னியே. அந்தப் பக்கத்தை மட்டும் மேனேஜர்கிட்ட எடுத்துக் காட்டேன். படிச்சவங்க எழுத்துன்னா கேப்பார்."

"சரிக்கா" என்றாள். ஒரே வாரத்தில் இரண்டாவது பொய். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அது பொய்யாக இருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தை மேலாளரிடம் எடுத்துக் காட்டத்தான் வேண்டும். வேறு வழி எதுவும் இல்லை.

நேரே கடைக்குப் போய்ச் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கல்லூரிப் பிரதியில அந்த ஒரு பக்கத்தை வெட்டிட்டு வேற பக்கம் ஒட்டித் தரேன். தழும்பே தெரியாது. நாளைக்குத் தேர்வை முடி. சலவைக்கூடத்துல அப்புறமா நிதானமாப் பேசிக்கலாம்."

"அந்த வேற பக்கத்துல என்ன சித்தப்பா எழுதறது?"

"சரியான கணக்கை."

"அது என்கிட்ட இல்லையே. எந்தச் சும்மா நிஜச் சும்மா, எது ஊசி தேடினதுன்னு எனக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் ஒரே எழுத்தைப் போட்டுட்டேன்."

சித்தப்பா பசை டப்பாவை மூடினார். பிறகு, "அப்ப நான் ஒட்டறதுல தீராது. போ" என்றார். "தேர்வு அடுத்த பருவத்துலயும் வரும். உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். திட்டை ஆளுக்குப் பாதியா வாங்கிக்கலாம்."

பதினொரு மணிக்கெல்லாம் மறுபடி மேலாளர் எதிரில் நின்றாள். வழியெல்லாம் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தது அறைக்குள் நுழைந்ததும் கலைந்துபோனது. சான்றிதழை மேசைமேல் வைத்தாள்.

"சார், முப்பத்தொண்ணாம் பக்கம் தப்பு."

"எது, இருபத்தேழா? கூட்டல்ல தப்பா?"

"கூட்டல் சரி. பாத்ததுதான் தப்பு. அவங்க சும்மா நிக்கல. துணியில ஊசி இருக்கான்னு வெளிச்சத்துல பாத்துட்டிருந்தாங்க. எனக்குத் துணி தெரியல. கேக்கவும் இல்ல."

"ஊசியா?" மேலாளர் நிமிர்ந்தார். நான்கு ஆஸ்பத்திரியின் பெயரும் அவர் முகத்தில் ஓடியது போல இருந்தது. "இது எப்ப உங்களுக்குத் தெரியும்?"

இதுதான் அவள் பயந்த கேள்வி. இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது?

"போன வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை என் கையில கொடுத்தீங்க."

"ஆமா சார்."

அவர் சான்றிதழை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கோபத்தை விடச் சங்கடம்தான் அதிகம் தெரிந்தது. தானும் இறங்கிப் போய்க் கேட்கவில்லை என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். "சரியான எண் என்ன?"

"தெரியாது சார். இன்னும் மூணு நாள் பாக்கணும். அவங்க மேசையில இருந்தாத்தான் பாக்க முடியும்."

மேலாளர் மடிப்பக்காவை மேலே வரச் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டு வந்தவர் கடிகாரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, 'சொல்லிட்டியா' என்பது போலக் கண்ணால் கேட்டார். மேலாளர் அறிக்கையைப் பிரித்து அந்த வாக்கியத்தை உரக்கப் படித்தார். புத்தகத்தில் வருவது போன்ற வாக்கியம். அறையில் அது வேறு மாதிரி ஒலித்தது.

அக்காவின் மலர்ச்சி உடனே அணைந்துவிடவில்லை. வாக்கியம் போகப் போக ஒவ்வொரு சொல்லாக இறங்கியது.

"தெருவைப் பாத்துட்டா?" என்றார் கடைசியில், மேலாளரிடம். "அங்க சுவருதான் சார் இருக்கு."

கடிகாரத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "மன்னிச்சுக்குங்கக்கா" என்று இவள் சொன்னது யாருக்கோ சொன்னது போல மேசைமேல் கிடந்தது. மூன்று நாள் மேசைக்குத் திரும்பலாம், கணக்கு வந்த பிறகு முடிவு என்று மேலாளர் சொன்னதும், "சரிங்க சார்" என்று அக்கா படியிறங்கினார்.

மேடத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் நீண்ட மூச்சுக் கேட்டது. "அப்ப உன் கண்டுபிடிப்பு?" என்றார். பிறகு, "பேசக் கூடாதுன்னு சொன்னது நான்தானே" என்று தனக்குள் சொல்வது போலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வியாழன் காலை, அவளுடைய வகுப்பு முழுவதும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வாய்மொழித் தேர்வுக்கு வரிசையில் நின்ற நேரத்தில், கடிகாரம் மடிப்பு மேசையின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை மாடி இல்லை. படிவத்தில் புதிதாக ஒரு எழுத்துச் சேர்த்திருந்தாள்: சோதனைக்கு சோ.

மடிப்பக்கா மடித்தார். போர்வை வந்தது, மடிந்தது, அடுக்கில் ஏறியது. தலையணை உறை வந்தது, மடிந்தது. ஒன்றைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. உலர்த்திப் பக்கத்துப் பெண்ணை விட வேகம். இருபது பார்வை, முப்பது பார்வை. வே, வே, வே, வே. கட்டங்கள் எல்லாம் வே.

"அக்கா" என்றாள் மெதுவாக. "வெளிச்சத்துல பாக்கலையா?"

"பாத்தா அது வேலையா, சும்மாவா? முதல்ல எழுதிக் காட்டு. அப்புறம் பாக்கறேன்."

"வேலைதான்கா. சோன்னு தனியா போட்டிருக்கேன்."

"அன்னைக்கும் ஏதோ நல்லாத்தான் போட்டிருக்கேன்னு சொன்னே."

இந்த வேகத்தில் மூன்று நாள் போனால் கணக்கு மேலாளருக்குப் பிடித்த மாதிரியே வரும். அக்காவுக்கு மேசையும் நிலைக்கும். ஊசி மட்டும் போகும் இடத்துக்குப் போகும். அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் இந்தத் தடவை யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

எழுதிய தாளைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்தாள். புதுத் தாளை எடுத்து அட்டையில் செருகி, அக்காவின் கைக்கு எட்டும் இடத்தில், மேசை ஓரத்தில் வைத்தாள்.

"நான் பாத்து எழுத மாட்டேன்கா. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்கறேன். நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன். எழுதினதை அப்பவே படிச்சுக் காட்டறேன்."

"உங்க மேடம் ஒத்துக்குவாங்களா?"

"மாட்டாங்க."

"உன் படிப்பு?"

"அடுத்த பருவம்."

நாலைந்து துணி அதே வேகத்தில் மடிந்தன. உருளை இஸ்திரி அண்ணன் வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கடிகாரத்தின் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சில் முள் ஓடியது.

"இப்ப என்ன பண்றீங்கக்கா?"

"மடிக்கறேன்."

"வே. எழுதிட்டேன்."

மறுபடி இரண்டு நிமிடம். "இப்ப?"

"மடிக்கறேன்."

பத்தாவது தடவை கேட்டபோது பதில் வரவில்லை. நிமிர்ந்தாள். அக்கா ஒரு போர்வையின் இரண்டு மூலையையும் பிடித்து ஜன்னலுக்கு நேரே தூக்கியிருந்தார். துணிக்குள்ளே ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு இடத்தில் விரல் நின்றது. ஊசி இல்லை, நூல் முடிச்சு.

"ஊசி தேடறேன். எழுது."

"சோ."

"படி."

"பதினொன்று நாற்பது. சோ. ஊசி தேடுகிறார்."

"ம்" என்றார் அக்கா. போர்வையைத் திருப்பாமல் ஒரே தடவை பார்த்து மடித்தார். இரண்டாம் தடவை இனி யாருக்காகவும் கிடையாது என்பது அந்த மடிப்பிலேயே தெரிந்தது. அடுத்த துணியை எடுத்தார். எடுத்தவர் அதை உதறாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

முள் சுற்றி வந்தது. கேட்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள். "இப்ப என்ன பண்றீங்கக்கா?"

"இப்பவா? உன்மேல கோபமா இருக்கேன். அதுக்கு என்ன எழுத்து வச்சிருக்கே?"

படிவத்தில் ஐந்து எழுத்துகள் இருந்தன. ஒன்றும் பொருந்தவில்லை. பென்சில் கட்டத்தின் மேலேயே நின்றது.

"காலியா மட்டும் விடாதே தாயி. மேனேஜரு அதையும் சும்மான்னு படிச்சுடப் போறாரு."

கட்டம் சின்னது. அவள் தாளின் ஓரத்தில், இடம் இருந்த வரைக்கும், முழுச் சொல்லாகவே எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். மெதுவாகப் படித்தாள். உருளையின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

"பதினொன்று நாற்பத்திரண்டு. ஆய்வாளர்மேல் கோபமாக இருக்கிறார். காரணம் உண்டு."

மடிப்பக்கா கேட்டுக்கொண்டார். பிறகு கையிலிருந்த துணியை உதறி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார்.